பட்டியல் போட்டவருக்கு மாலை எங்கே?

விஞ்ஞானி சந்திரசேகரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ம் ஆண்டு, 19 வயதில், மேல்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்து போனார். போகும் வழியில், கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தொடங்கிய ஆராய்ச்சி, 1983-ல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித்தந்தது.

அந்தக் கணக்கு எதைப் பற்றியது? "வெள்ளைக் குள்ளன்" என்ற ஒருவகை நட்சத்திரத்தைப் பற்றியது.

கணக்குப் போட்டவரை உலகம் போற்றியது. அது நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வானத்தில் இப்படி ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று முதலில் சொன்னது யார்? தேடிப் பிடித்தது யார்? எண்ணிப் பார்த்தது யார்? வகை பிரித்து எழுதி வைத்தது யார்?

அவர்கள் எல்லாம் பட்டியல் போட்டவர்கள். இரவெல்லாம் படம் எடுத்தவர்கள். பகலெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதியவர்கள். "இது குமாஸ்தா வேலைதானே!" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு. பட்டியல் இல்லாவிட்டால் கணக்கும் இல்லை. வெள்ளைக் குள்ளன்களின் கதையே இதற்குச் சாட்சி.

குள்ளன் என்றால் என்ன?

நட்சத்திரம் ஒரு பெரிய அடுப்பு போன்றது. அதற்கு எரிபொருள் ஹைட்ரஜன் வாயு. பல நூறு கோடி ஆண்டுகள் கழித்து அந்த எரிபொருள் தீர்ந்துபோகிறது. அப்போது நட்சத்திரம் முதலில் ஊதிப் பெருக்கிறது. பிறகு அதன் வெளிப்பகுதி கலைந்து போய்விடுகிறது. நடுப்பகுதி மட்டும் சுருங்கி, இறுகிக் கிடக்கிறது.

அடுப்பு அணைந்த பிறகு தணல் கிடக்கிறது அல்லவா? அதுபோலத்தான். புதிதாக எதுவும் எரிவதில்லை. பழைய சூடு மட்டும் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே இருக்கிறது. இதுதான் வெள்ளைக் குள்ளன்.

நம் சூரியனுக்கும் கடைசியில் இந்தக் கதிதான். பயப்பட வேண்டாம். அதற்கு இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

குள்ளனின் உருவம் பூமி அளவுதான். ஆனால் எடை? சூரியனின் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். சிலவற்றில் முழுச் சூரியனின் எடையே இருக்கும். அவ்வளவு பொருளையும் பூமி அளவுக்குள் திணித்து வைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்தால், ஆயிரம் கிலோவுக்குக் குறையாது!

பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை

தை மாதத்தில், இரவு 8 மணிக்குக் கிழக்கே பாருங்கள். வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அந்த வரிசையைக் கீழ்நோக்கி, தென்கிழக்குப் பக்கமாக நீட்டினால், மிகப் பிரகாசமான ஒரு நட்சத்திரம் கண்ணைப் பறிக்கும். அதன் பெயர் சிரியஸ். இரவு வானத்தில் இதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் வேறு கிடையாது.

சிரியசின் ஒளி நம்மை வந்து சேர எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடக்கூடியது. அது ஓர் ஆண்டில் ஓடும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு. வானக் கணக்கில் எட்டரை ஒளியாண்டு என்பது அடுத்த தெரு மாதிரி!

1844-ம் ஆண்டு, பெசல் என்ற ஜெர்மன் வானாராய்ச்சியாளர் ஒரு புதுமையைச் சொன்னார். சிரியஸ் நேராகப் போகவில்லை. வளைந்து வளைந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது என்றார். வருடம் வருடமாகக் குறித்து வைத்த இடக் குறிப்புகளை வரிசையாகப் பார்த்துத்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார்.

18 ஆண்டுகள் கழிந்தன. 1862-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் என்பவர் ஒரு புதிய டெலஸ்கோப் கண்ணாடியைச் சோதித்துக் கொண்டிருந்தார். அவர் குடும்பத் தொழிலே அதுதான். கண்ணாடியைச் சிரியஸ் பக்கம் திருப்பினார். பிரகாசமான சிரியசின் அருகில் மங்கலாக ஒரு புள்ளி! பெசல் சொன்ன மறைந்த துணை அதுவே.

அது ஒரு மங்கலான, ஆறிப்போன நட்சத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் எண்ணினார்கள். அது தவறு என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தத் தவறைத் திருத்த வழி காட்டியவர், ஒரு காலத்தில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பெண்மணி.

அரை மணியில் வந்த பதில்

அவர் பெயர் வில்லியமினா பிளெமிங். ஸ்காட்லாந்தில் 1857-ல் பிறந்தவர். கணவருடன் அமெரிக்கா போனார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கணவர் கைவிட்டுவிட்டார். பிழைக்க வழி வேண்டுமே! ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார்.

அவருடைய புத்திசாலித்தனத்தைப் பிக்கரிங் கவனித்தார். 1881-ல் வானாராய்ச்சி நிலையத்திலேயே நிரந்தர வேலை கொடுத்தார். என்ன வேலை? கண்ணாடித் தகடுகளில் எடுத்த நட்சத்திரப் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு நட்சத்திரமும் எந்த வகை என்று எழுத வேண்டும்.

எப்படி வகை பிரிப்பது? முப்பட்டைக் கண்ணாடி வழியாக ஒளியை விட்டால், அது வானவில் போல விரிகிறது. இதற்கு நிறப்பட்டை என்று பெயர். நட்சத்திரத்தின் நிறப்பட்டையில் அங்கங்கே கறுப்புக் கோடுகள் தெரியும். ஹைட்ரஜனுக்கு ஒருவிதக் கோடுகள். இரும்புக்கு வேறு விதம். கால்சியத்துக்கு வேறு விதம். மனிதருக்குக் கைரேகை மாதிரி, பொருளுக்கு இந்தக் கோடுகள். நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு சூடு என்று அந்தக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அடங்கிய பெரிய பட்டியல் ஒன்று 1890-ல் வெளிவந்தது. அதில் பெரும்பகுதி வேலையைச் செய்தவர் பிளெமிங் அம்மையார்.

1910-ம் ஆண்டு. ரசல் என்ற இளம் பேராசிரியர் ஹார்வர்டுக்கு வந்தார். மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் சிவப்பாகவே இருக்கின்றன என்று அவர் கண்டிருந்தார். இதைப் பிக்கரிங்கிடம் சொன்னார். "40 எரிடானி" என்ற நட்சத்திரத்துக்கு மங்கலான துணை ஒன்று உண்டு. அது என்ன வகை என்று பேச்சு வந்தது. பிக்கரிங் உடனே பிளெமிங் அம்மையாருக்கு டெலிபோன் செய்தார்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அது "ஏ" வகை. அதில் சந்தேகமே இல்லை என்றார் அம்மையார்.

ரசல் திகைத்துப் போனார். "ஏ" வகை என்றால் வெண்மை. வெண்மை என்றால் கடும் சூடு. கொல்லன் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். இரும்பு முதலில் சிவக்கும். இன்னும் சூடேறினால் வெளுக்கும். வெளுத்த இரும்பு சிவந்த இரும்பைவிட அதிகமாக ஒளி வீசும். அப்படியிருக்க, வெள்ளை நட்சத்திரம் ஒன்று மங்கலாக இருப்பது எப்படி?

ஒரே வழிதான் உண்டு. அது மிக மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சிறிய கங்கு எவ்வளவு சூடாக இருந்தாலும், பெரிய அடுப்பு அளவுக்கு வெளிச்சம் தராதே!

அப்போது யாருக்கும் இந்த விடை தோன்றவில்லை. "இப்படி ஒட்டாமல் நிற்பவைதான் நம் அறிவை வளர்க்கும்" என்ற கருத்தில் ரசலுக்குத் தேறுதல் சொன்னார் பிக்கரிங்.

அழிக்காத புள்ளி

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ரசல் பிறகு நட்சத்திரங்களை எல்லாம் ஒரு படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார். ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தில் சேராமல் தனியாக நின்றது. அது 40 எரிடானியின் துணை. அந்த நிறப்பட்டையைப் பார்ப்பது கடினம் என்று அவர் எழுதினார். ஆனாலும் புள்ளியை அழிக்கவில்லை. 1914-ல் அப்படியே வெளியிட்டார்.

வேறு யாராவது என்ன செய்திருப்பார்கள்? "எழுதியவர் தவறாக எழுதியிருப்பார். விடு!" என்று அடித்திருப்பார்கள். எழுதியவரோ பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பெண். அவர் சொல்லைத் தள்ளுவது எவ்வளவு சுலபம்!

1915-ல் வால்டர் ஆடம்ஸ் என்பவர், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையிலிருந்து சிரியசின் துணையைப் பார்த்தார். அதுவும் வெண்மை. சூரியனைவிடப் பல மடங்கு சூடு. ஆக, 40 எரிடானியின் துணை தனி ஆள் இல்லை. அதற்குச் சொந்தக்காரன் சிரியஸ் பக்கத்திலேயே இருக்கிறான்!

இரண்டு ஆண்டு கழித்து, அதே மவுண்ட் வில்சனில் வேலை பார்த்த வான் மானன் என்பவர் மூன்றாவதைக் கண்டார். அது துணை இல்லாமல் தனியாகவே திரிகிற குள்ளன். அதற்கு "வான் மானன் நட்சத்திரம்" என்றே பெயர்.

ஒட்டாத ஒரு வரியை அழிக்காமல் விட்டதால் ஒரு புதிய நட்சத்திரக் குலமே தெரியவந்தது. 15 ஆண்டுகள் கழித்துச் சந்திரசேகர் கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, கணக்குப் போட ஒரு பொருள் அவருக்கு இருந்தது. ஒரு வெள்ளைக் குள்ளனின் எடை, சூரியனின் எடையைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது என்று அவர் கண்டது அந்தக் கணக்கில் தொடங்கிய ஆராய்ச்சியில்தான்.

பிளெமிங் அம்மையாருக்கு என்ன கிடைத்தது? 1900-ல் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர். ஆண் உதவியாளர்கள் சிலருக்கு 2,500 டாலர். இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வருந்தியிருக்கிறார். பெண்களுக்கு இது நல்ல சம்பளமே என்று அவருக்குப் பதில் கிடைத்ததாம். 1911-ல் அவர் காலமானார். தாம் வகை சொன்ன அந்தச் சிறு நட்சத்திரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தெரிந்துகொள்ள அவர் உயிரோடு இல்லை.

ஒற்றைக் கண்ணால் எண்ணியவர்

"வெள்ளைக் குள்ளன்" என்ற பெயரை வைத்தவர் வில்லம் லைட்டன். 1922-ல் வைத்தார். அப்போது தெரிந்திருந்தவை மூன்றே மூன்று. "மூன்றுதானா இருக்கும்? தேடினால் இன்னும் கிடைக்கும்" என்று அவர் தேட ஆரம்பித்தார். 1925-ல் ஒரு விபத்தில் அவருக்கு ஒரு கண் பார்வை போயிற்று. தேடுவதை அவர் விடவில்லை.

எப்படித் தேடினார்? வானத்தில் உயரப் பறக்கும் விமானம் மெதுவாக ஊர்வதுபோலத் தெரிகிறது. தெருவில் போகும் சைக்கிளோ சட்டென்று கடந்துவிடுகிறது. வேகம் விமானத்துக்குத்தான் அதிகம். ஆனால் பக்கத்தில் இருப்பதுதான் கண்ணுக்கு வேகமாக நகரும். நட்சத்திரங்களும் அப்படியே.

வானத்தின் ஒரே இடத்தைப் பல ஆண்டு இடைவெளி விட்டு இரண்டு முறை படம் எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்கும். ஒன்று மட்டும் "துள்ளும்". அது பக்கத்து நட்சத்திரம். பக்கத்தில் இருந்தும் மங்கலாக இருந்தால், உண்மையிலேயே சிறியது. சிவப்பாக இருந்தால் சாதாரணச் சின்ன நட்சத்திரம். வெண்மையாக இருந்தால் பிடிபட்டது குள்ளன்!

லைட்டனுக்கு உதவியவை எவை தெரியுமா? ஹார்வர்டு நிலையத்தார் பெரு நாட்டில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய தகடுகள். எடுத்தவர்களுக்கு வெள்ளைக் குள்ளன் என்ற பெயரே தெரியாது. அவர்கள் எடுத்தார்கள். பத்திரமாக வைத்தார்கள். அவ்வளவுதான்.

1939-ல் எண்ணிக்கை 18 ஆயிற்று. 1950-ல் நூறைத் தாண்டியது. லைட்டன் 1994 வரை வாழ்ந்தார். அவர் போட்ட பட்டியல் ஒன்றில் மட்டும் வேகமாக நகரும் நட்சத்திரங்கள் 58 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

கண்டதை எழுது!

குள்ளன்கள் பெருகியதும், அவற்றுக்குள்ளேயே வகை பிரிக்க வேண்டியதாயிற்று. 1983-ல் வானாராய்ச்சியாளர்கள் சிலர் கூடி ஒரு முறை வகுத்தார்கள். அதுதான் இன்றும் அடிப்படை.

எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து "டி". ஹைட்ரஜன் கோடு மட்டும் தெரிந்தால் "டி.ஏ." ஹீலியம் கோடு தெரிந்தால் "டி.பி." கோடே தெரியாவிட்டால் "டி.சி." கரி தெரிந்தால் "டி.க்யூ." கால்சியம், இரும்பு போன்றவை தெரிந்தால் "டி.இசட்." அதன்பின் ஓர் எண் வரும். எண் கூடக்கூடச் சூடு குறைவு என்று அர்த்தம். சிரியசின் துணை "டி.ஏ.2". வான் மானன் நட்சத்திரம் "டி.இசட்.8".

இந்த முறையில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. நிறப்பட்டையில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். "உள்ளே இப்படி இருக்கும், அப்படி இருக்கும்" என்ற ஊகத்தை எழுதக்கூடாது. ஊகம் நாளை மாறிவிடும். கண்ட கோடு மாறாது.

99 ஆண்டு தூங்கிய தகடு

கண்டதை அப்படியே எழுதி வைத்தால் என்ன பலன்? இதோ ஓர் உதாரணம்.

2016-ம் ஆண்டு. லண்டனைச் சேர்ந்த ஜே பரிஹி என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்காவின் கார்னகி வானாராய்ச்சி நிலையத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். வான் மானன் நட்சத்திரத்தின் பழைய தகடு இருந்தால் தேடித் தாருங்கள் என்று கேட்டார்.

தேடினார்கள். 1917-ல் ஆடம்ஸ் எடுத்த தகடு உறைக்குள் பத்திரமாக இருந்தது. நட்சத்திரம் சூரியனைவிடச் சற்றுச் சூடாகத் தெரிகிறது என்ற கருத்தில் உறைமேல் ஒரு குறிப்பும் இருந்தது. தகட்டைப் பார்த்தால், கால்சியம் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன!

இதில் என்ன விசேஷம்? வெள்ளைக் குள்ளனின் இழுப்பு சக்தி மிக அதிகம். குளத்தில் போட்ட கல் அடியில் போய்ச் சேருவதுபோல, கனமான பொருள்கள் உள்ளே மூழ்கிவிடும். அப்படியிருந்தும் மேலே கால்சியம் தெரிகிறது. அப்படியானால் அது வெளியிலிருந்து வந்து விழுந்தது. உடைந்து போன பாறைகளும் கிரகத் துண்டுகளும் குள்ளன்மேல் விழுகின்றன. இந்த விளக்கம்தான் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

வேறு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று உறுதியானது 1990-களில்தான். ஆனால் அதற்கான முதல் தடயம் 1917-லேயே ஓர் உறைக்குள் இருந்தது. எடுத்தவருக்கே அது தெரியாது. அந்தத் தகட்டைக் குப்பையில் போட்டிருந்தால்?

எதற்கு இந்த எண்ணிக்கை?

"மங்கலான நட்சத்திரத்தை எண்ணினால் யார் வயிறு நிறையும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

சூரியனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சூரியனைப் பார்த்து அறிய முடியாது. அது இன்னும் நடக்கவில்லை. நடந்து முடிந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அறியலாம். மேலும், தணல் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்த்தால் அடுப்பு எப்போது அணைந்தது என்று சொல்லிவிடலாம். அதுபோல, குள்ளன்களின் சூட்டை வைத்து நம் நட்சத்திரக் கூட்டத்தின் வயதையே கணக்கிடுகிறார்கள்.

அருகில் உள்ளவற்றை ஏன் முதலில் எண்ண வேண்டும்? அங்கேதான் ஒன்று விடாமல் எண்ண முடியும். ஓர் ஊரில் உரக்கப் பேசுகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "ஊர் இவ்வளவுதான்" என்றால் சரியாகுமா? வாய் பேசாதவர்களும் ஊரில் உண்டே! தூரத்தில் பார்த்தால் பிரகாசமானவை மட்டுமே தெரியும். பக்கத்தில்தான் மங்கலானவையும் கணக்கில் வரும்.

அந்தக் கணக்கு இப்போது ஏறக்குறைய முடிந்திருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013-ல் "கையா" என்ற விண்கலத்தை அனுப்பியது. 2025 வரை அது வேலை செய்தது. நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தையும் அசைவையும் அளந்தது. பிறகு கானரித் தீவுகளிலும் சிலி நாட்டிலும் உள்ள பெரிய டெலஸ்கோப்புகளால், பக்கத்துக் குள்ளன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறப்பட்டை எடுத்தார்கள். 2024-ல் முடிவு வெளிவந்தது. சூரியனைச் சுற்றி 130 ஒளியாண்டு தூரத்துக்குள் உறுதியான வெள்ளைக் குள்ளன்கள் 1,076. சரிபார்க்க வேண்டியவை ஐந்தே ஐந்துதான்!

மூன்றில் தொடங்கிய பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

யந்திரம் வந்துவிட்டது, மனிதர் வேண்டாமா?

இன்னும் தூரத்தில் பெரும் கூட்டம் காத்திருக்கிறது. கையாவின் அளவுகளை வைத்து 2021-ல் வெளியிட்ட பட்டியலில், வெள்ளைக் குள்ளன் என்று நம்பத்தக்கவை சுமார் 3 லட்சத்து 59 ஆயிரம். இத்தனையையும் ஒரு பிளெமிங் அம்மையார் பார்த்து முடிக்க முடியாது. ஆகவே கம்ப்யூட்டர் வகை பிரிக்கிறது. அது வேண்டியதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. பத்துப் பெட்டி கொடுத்து "பிரி" என்றால், யந்திரம் எல்லாவற்றையும் அந்தப் பத்துப் பெட்டியில் போட்டுவிடும். எந்தப் பெட்டியிலும் சேராத பதினோராவது நட்சத்திரம் வந்தால்? அதையும் ஏதோ ஒரு பெட்டியில் தள்ளிவிட்டால், அடுத்த 40 எரிடானி யார் கண்ணிலும் படாமல் போய்விடும். "இது எதிலும் ஒட்டவில்லை" என்று எடுத்து வைக்கும்படி யந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். எடுத்து வைத்ததை மனிதர் பார்க்க வேண்டும். அந்த மனிதருக்கு நல்ல சம்பளமும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பழையதைக் காப்பது. ஹார்வர்டு நிலையத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. அவற்றில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை 2024-ல் முடிந்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்த வரிசையின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1953-ல் செலவைக் குறைப்பதற்காக வானத்தை வழக்கமாகப் படம் எடுப்பதை அங்கே நிறுத்திவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். அன்று மிச்சமான பணம் சொற்பம். போன இரவுகளோ போனவைதான். எத்தனை கோடி கொடுத்தாலும் 1955-ம் ஆண்டு வானத்தை இனிமேல் படம் எடுக்க முடியுமா?

பணம் இல்லை என்றால் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். பதிவு எழுதுகிறவர், தகடு அடுக்குகிறவர், பட்டியலைச் சரிபார்க்கிறவர் ஆகியோர் வேலைதான் முதலில் போகிறது. "இவர்கள் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்கள் எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

புதிய டெலஸ்கோப்புக்குச் செலவு செய்யுங்கள். அதோடு, பழைய குறிப்பைக் காப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். பெரிய முடிவு வெளிவரும்போது, பட்டியல் எழுதியவர் பெயரையும் கூடவே அச்சிடுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். ஒட்டாத வரி வந்தால் அடிக்காதீர்கள். அடியில் கோடு போட்டு வையுங்கள்.

சந்திரசேகருக்குப் போட்ட மாலை அவருக்கு உரியதே. அதை யாரும் குறைக்க வேண்டாம். இன்னொரு மாலை கட்ட வேண்டும், அவ்வளவுதான். தை மாத இரவில் பிள்ளைகளுக்குச் சிரியசைக் காட்டும்போது, அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குள்ளன் இருப்பதைச் சொல்லுங்கள். அவன் குலத்தை முதலில் அடையாளம் சொன்னவர், வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்த ஒரு தாய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.